கோயில் இணையத்தளத்தில் தேவார ஒலிப்பதிவுகளை ஏற்றலாமா?

திருகோணமலையிலுள்ள உங்கள் கோயிலின் இணையத்தளத்தில், பழைய இறுவட்டுகளிலுள்ள தேவாரங்களை எவரும் இலவசமாகத் தரவிறக்கும்படி ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோணேசர்மீது சம்பந்தர் பாடிய பதிகம் 7ஆம் நூற்றாண்டுக்குரியது. அதன் சொற்களுக்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. ஆனால், அதைப் பாடியவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 50 ஆண்டுகளுக்கு உரிமை தருகிறது. புதிதாக இயற்றிய பக்திப் பாடலென்றால், கவிஞரும் இசையமைப்பாளரும் மறைந்து 70 ஆண்டுகள் செல்லும்வரை அவர்களது பதிப்புரிமையும் இருக்கும். இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்பது, பலரும் நம்பினாலும், அனுமதிக்கு ஈடாகாது. இறுவட்டு உறையின் பின்புறத்தில், வட்டத்துக்குள் ‘P’ என்ற ஆங்கில எழுத்தும் அருகே ஓர் ஆண்டும் பெயரும் பொடியெழுத்தில் இருந்தால், அந்தப் பெயருக்குரியவரிடமே முதலில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் ஓதுவாரையே பாடவைத்துப் பதிவுசெய்து, இணையத்தில் வெளியிட அவரது கையொப்பத்துடன் சம்மதம் பெறுவதே இலகு.