பூட்டிக் கிடக்கும் வீட்டில் நம்பி ஆள் இருத்தலாமா?

கேள்வி: “லண்டனில் வெறுமையாகக் கிடக்கும் கட்டடங்களில் ‘புரொப்பேட்டி கார்டியன்’ என்று ஆட்களைக் குடியிருத்துகிறார்களாம். காரைதீவில் எங்கள் வீடு நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இங்கேயும் அப்படிச் செய்யலாமா? பிறகு ஆளை எழுப்ப முடியுமா?”

செய்யலாம். எழுப்பவும் முடியும். நான் ஆறு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன், மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், என் மச்சாளின் சீதன வீட்டில். மச்சாள் லண்டனில். அவவுடைய மகன் அங்கே கார்டியனாக மூன்று வருடம் இருந்தவன். வீட்டுக்காரி, வீடு பார்க்கிறவள், கார்டியன் மூன்று பேரும் ஒரே குடும்பத்தில் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் வீடு பூட்டிக் கிடப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தான். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு வீட்டை எழுப்பி, மகள் பெயருக்கு உறுதி எழுதி, தாய் தகப்பன் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த மகள் கடல் கடந்து போனால் வீடு அவள் பெயரிலேயே நிற்கும். விற்க மனம் வராது, அது அப்பா கொடுத்தது. வாடகைக்குக் கொடுக்கப் பயம். கல்லாறு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி என்று எந்த ஊர் ஒழுங்கைக்குள் போனாலும் கேற்றில் சங்கிலி போட்ட வீடு ஒன்றாவது தட்டுப்படும்.

இந்த வீட்டை முதன்முதல் திறந்த நாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது இரண்டரை வருடம் பூட்டியிருந்தது. கடற்காற்றில் பூட்டு உப்பேறித் திறப்பு உள்ளே போகவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணித்தியாலம் மினக்கெட்டுத் திறந்தோம். உள்ளே வௌவால் எச்சத்தின் நாற்றம். சாமியறை நிலையில் கறையான் விரல் தடிப்பில் மண்கோடு போட்டு மேலே ஏறியிருந்தது. நிலையைப் பெருவிரலால் அமத்தினேன், பப்படம் போல உள்ளே போனது. அண்ணாந்து பார்த்தால் முகட்டுப் பக்கம் இரண்டு ஓடு உடைந்து வானம் தெரிந்தது. தேங்காய் விழுந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஓட்டு இடைவெளியால் இரண்டு மாரி மழையும் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கைமரம் உக்கி, சுவர் பாசி பிடித்து, கீழே மச்சாளின் கலியாண அலுமாரி அடிப்பலகை ஊதிப் பிளந்து கிடந்தது. ஆள் இருந்திருந்தால் தேங்காய் விழுந்த சத்தத்துக்கே முற்றத்துக்கு ஓடி வந்து பார்த்திருக்கும், பொழுது படுவதற்குள் ஓடு மாற்றியிருக்கும். தச்சனுக்கும் மேசனுக்கும் மச்சாள் அனுப்பிய காசில் ஒரு புது அறையே கட்டியிருக்கலாம்.

அதோடு நுளம்பு. பின்முற்றத்தில் மூடியில்லாத தொட்டி, சிரட்டைகள், கழிவறைக் குழி எல்லாவற்றிலும் குடம்பி. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவைத் துப்புரவாக வைத்திருப்பது உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் கடமை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை டெங்கு விட்டுவைக்காது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி லண்டன் கதை. கார்டியன் என்றால் சம்பளத்துக்கு இருக்கும் வோச்சர் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. வோச்சர் காசு வாங்கிக் காவல் இருப்பார், கார்டியன் காசு கொடுத்துக் காவல் இருக்கிறார். கட்டடக்காரர் ஒரு கம்பனியிடம் கட்டடத்தை ஒப்படைப்பார். கம்பனி ஆட்களைக் குடியிருத்தி, ஊர் வாடகையை விடக் குறைவாக மாதக் கட்டணம் வாங்கும். மச்சாளின் மகன், என் மருமகன், இருந்தது மூடப்பட்ட ஒரு முதியோர் இல்லம். பதினொரு பேர், ஆளுக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரே பெரிய குசினி. பிள்ளைகளோடு இருக்க ஏலாது, நாய் பூனை கூடாது, விருந்து வைக்கக் கூடாது, இரண்டு மூன்று இரவு வெளியே தங்குவதென்றால் அறிவிக்க வேண்டும். கம்பனி ஆள் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார், வருவதைச் சொல்லியும் வருவார், சொல்லாமலும் வருவார்.

இந்த முறை நெதர்லாந்தில்தான் வளர்ந்தது. அங்கே ஒரு வருடத்துக்கு மேல் வெறுமையாய்க் கிடந்த கட்டடத்துக்குள் வீடில்லாதவர்கள் புகுந்து குடியிருப்பது நெடுங்காலம் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அவர்கள் புகுமுன் தாங்களே ஆளை வைத்துவிடுவோம் என்று உரிமையாளர்கள் தொடங்கியதுதான் இது. 2010 ஒக்ரோபரில் அங்கே புகுந்து குடியிருத்தல் முழுதாகத் தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 செப்டெம்பரில் தடை வந்தது, ஆனால் குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும். பள்ளிக்கூடம், கந்தோர், மதுச்சாலை போன்றவை அதற்குள் வரவில்லை. அங்கே கார்டியன்கள் இப்படிப்பட்ட இடங்களிலும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கம்பனி கொடுக்கும் கடதாசியில் இது வாடகை ஒப்பந்தம் அல்ல, வெறும் அனுமதி என்று எழுதியிருக்கும். வாடகைக் குடிக்கு உள்ள பாதுகாப்புப் பல கார்டியனுக்குக் கிடைப்பதில்லை. ஆனாலும் நினைத்த நேரத்தில் தெருவில் விட முடியாது. அங்கே 1977ஆம் ஆண்டின் சட்டப்படி குறைந்தது நாலு கிழமை அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2017இல் பிரிஸ்டல் நகர நீதிமன்றம் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போனது. முதியோர் இல்லமாயிருந்த கட்டடத்தில் இருந்த ஒரு கார்டியன், தனக்குத் தந்த இடத்தைத் தனியே தன் கையில் வைத்திருந்ததால், கடதாசியில் என்ன எழுதியிருந்தாலும் அவர் வாடகைக் குடிதான் என்று தீர்ப்பளித்தது.

போன வருடம் மருமகன் இங்கே வந்தபோது விறாந்தையில் இருந்து கேட்டான், “மாமி, நான் காசு கொடுத்து இருந்தேன், நீங்க சும்மா இருக்கிறீங்க. ஆனா நாலு கிழமை எண்டாலும் எனக்கு இருந்திச்சே, உங்களுக்கு என்ன இருக்கு?” அவன் கேட்டது சரி. நான் முன்பு பட்டதும் அதுதான்.

கல்லடிக்கு வருமுன் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இன்னொருவரின் வீட்டில் இருந்தோம். நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஆட்கள், கணவரின் வேலைக்காக இக்கரைக்கு வந்தவர்கள். கடதாசி ஒன்றும் இல்லை, “இருந்து பாருங்க புள்ள” என்ற ஒரு சொல் மட்டும். கிணறு இறைத்தோம், குளியலறையை எங்கள் காசில் திருத்தினோம், வீட்டுக்கான சோலைவரியும் நாங்களே கட்டினோம். ஒரு மார்கழியில், அடைமழை நேரம், வீட்டுக்காரரிடமிருந்து போன் கோல் வந்தது. பத்து நாளில் திறப்பைக் கொடுக்கட்டாம். மகளுக்கு முதலாம் வகுப்பு அனுமதிக்கு அந்த விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். வதிவிடத்துக்கு என்ன ஆதாரம் என்று பள்ளியில் கேட்டபோது காட்ட ஒரு துண்டுக் கடதாசி எங்களிடம் இருக்கவில்லை. அவர்கள் வீடு, கேட்பது அவர்கள் உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மழைக்குள் பாத்திரம் பண்டத்தோடு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏறியதை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் பக்கத்துப் பயமும் எனக்கு விளங்குகிறது. பத்து வருடம் இருந்தால் வீடு இருந்தவனுக்கு என்று ஊரில் சொல்வார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தை வைத்துத்தான் அந்தப் பேச்சு. ஆனால் அது உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராகப் பத்து வருடம் இடையறாது ஆண்டவருக்கு. உங்கள் அனுமதியோடு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் அனுமதியில் இருப்பவர்தான். அந்த நிலையை உதறி, ‘இது என் வீடு’ என்று வெளிப்படையாகக் காட்டிய நாளிலிருந்துதான் அவருக்குக் கணக்கே தொடங்கும். அனுமதி வாய்ச்சொல்லாக இருந்தால் அவர் வேறு கதை சொல்லலாம், எழுத்தில் இருந்தால் சொல்ல ஒண்ணாது. போரால் காணியைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடத்துக்குள் சேர்க்காமல் விட அது வழி செய்தது. அதற்குப் பிந்திய வருடங்களுக்கு உங்கள் கடதாசிதான் துணை.

ஆகவே சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். மச்சாளும் நானும் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போய் இரண்டு பக்கத்தில் எழுதினோம். மச்சாள் அந்த முறை ஊருக்கு வந்திருந்தா. வர முடியாவிட்டால் நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் எழுதி, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பலாம். வீடு இன்னாருடையது, இன்னார் அவர் அனுமதியோடு இருக்கிறார், வாடகை இல்லை என்பது முதல் பக்கம். வாடகை என்று ஒரு ரூபாய் வாங்கினாலும் 1972இன் வாடகைச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி வந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு நொத்தாரிசு உறுதியும் வேண்டும். கறன்ட் பில், தண்ணி பில் எங்களுக்கு. சோலைவரி, கூரை, சுவர் மச்சாளுக்கு. நாங்கள் செலவழித்தால் பற்றுச்சீட்டை வட்சப்பில் அனுப்புவோம், அவ அந்த மாதமே தருவா. ஓர் அறை பூட்டி, அவவுடைய சாமான்களோடு அப்படியே இருக்கிறது.

இரண்டாம் பக்கம் எனக்காக. எழும்பச் சொல்வதென்றால் மூன்று மாதம் முந்தி எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த மூன்று மாதம் மாரிக்குள்ளும் பள்ளித் தவணைக்குள்ளும் முடியக் கூடாது. இதை எழுதச் சொன்னது மச்சாள்தான். “என்ட மகன் அங்க கட்டிலுக்குக் கீழ சூட்கேசைக் கட்டி வச்சுக்கொண்டு படுத்தவன். நீ அப்பிடிப் படுக்கக் கூடாது புள்ள” என்றா. நொத்தாரிசின் மேசையில் வைத்தே அழுதுவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு ஆள் தேடும்போது காவலுக்கு ஒருவர் என்று தேடாதீர்கள். வாழ இடம் தேவைப்படும் ஒரு குடும்பத்தைத் தேடுங்கள், அடுப்பு எரியட்டும், பிள்ளைகள் முற்றத்தில் ஓடட்டும். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் வேலைக்கு வந்து அறை தேடி அலையும் இளம் குடும்பங்கள் இருக்கின்றன. கிராம உத்தியோகத்தரிடம் அவர்களைப் பதியவையுங்கள், கடதாசியின் ஒரு பிரதியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். ஐப்பசி பிறக்க முந்தி யாரையாவது அனுப்பிக் கூரை ஓடுகளை மட்டும் ஒருக்கால் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளை ஆறுதலாகத் தேடலாம், மழை காத்திருக்காது.