திரைச்சீலைக்குப் பின்னால் பாடியவர்

வணக்கம். 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற பழைய ஹாலிவுட் இசைப்படத்தை மூன்றாம் முறையாக என் மகளுடன் பார்த்தேன். கதை மெலிது என்று தெரிந்தும் மனம் நிறைந்துவிடுகிறது. இத்தகைய கேளிக்கைப் படத்தில் மயங்குவது என் ரசனையின் குறையா? மழைக்காட்சிக்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்பது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பால் கதையை விட்டுவிடுங்கள். மழைத்தாரைகள் துலங்கியது பின்னாலிருந்து பாய்ச்சிய விளக்கொளியால். மகிழ்ந்ததற்காக மன்னிப்புக் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அருகில் அமர்ந்து பார்க்கும் மகளுக்கும் அது தொற்றிக்கொள்ளும். கடும் காய்ச்சலோடு நாயகன் ஜீன் கெல்லி ஆடிய அந்த மழை ஆட்டம் உங்களைத் தொட்டதென்றால், உங்கள் மனம் நலமாகவே இருக்கிறது.

ஆனால் 'கதை மெலிது' என்று எழுதியதை என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று முறை பார்த்தும் கதையைக் கவனிக்கவில்லையா? 1927இல் பேசும்படம் வந்தபோது, கீச்சுக்குரல் கொண்ட நட்சத்திரம் லீனாவுக்காகக் கேத்தி என்ற இளம்பெண் பேசுகிறாள், பாடுகிறாள். அவள் பெயர் வெளியே வராதபடி லீனா ஒப்பந்தத்தைக் காட்டி ஸ்டுடியோவை மிரட்டுகிறாள். கடைசியில் லீனா மேடையில் வாயசைக்க, கேத்தி பின்னால் மறைந்து பாடும்போது திரைச்சீலையை இழுத்து, பாடுபவள் யாரென்று அரங்கத்துக்குக் காட்டுகிறார்கள். ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் புகழாவதைப் பற்றிய கதை எப்படி மெலிதாகும்?

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் அந்தச் சீலை விலகியபோது எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்தே உண்மையைப் படித்தேன். லீனாவுக்காகக் கேத்தி பாடுவதாக வரும் 'வுட் யூ?' பாடலில் ஒலிப்பது கேத்தியாக நடித்த டெபி ரேனால்ட்ஸின் குரல் அன்று; பெட்டி நோய்ஸ் என்ற பாடகியின் குரல். லீனாவின் வசனத்தைக் கேத்தி பேசித் தருவதாக வரும் இடத்திலோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனே தம் இயல்பான, இனிய குரலில் பேசியிருக்கிறார். குரல் கொடுத்தவளுக்கு நீதி கேட்கும் இந்தப் படத்தை 1952இல் வெளியிட்ட எம்ஜிஎம் ஸ்டுடியோ, பெயர்ப் பட்டியலில் நோய்ஸைச் சேர்க்கவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தின் மீதான அன்பு குறையவில்லை. ஆனால் நான் கைதட்டியது பாதிப் பேருக்குத்தான் என்ற எண்ணம் இன்றுவரை உறுத்துகிறது.

நான்காம் முறையும் பார்ப்பீர்கள். 'வுட் யூ?' ஒலிப்பதிவுக் காட்சி வரும்போது பெட்டி நோய்ஸ் என்ற பெயரை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.