மேட்டூரில் காலி இடம்

அன்புள்ள ஐயா,

நான் குமாரபாளையத்தில் காவிரிக் கரையோரத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். விசைத்தறி வேலை. 2018லும் 2022லும் ஆகஸ்டில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மேட்டூர் நிரம்பியதும் மலர் தூவுவதை டிவியில் காட்டுகிறார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் தூங்குவதில்லை. வெள்ளத்தைத் தடுக்கத்தானே அணை? நிரம்பும்வரை காத்திருக்காமல் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் என்ன? துங்கபத்ராவில் ஷட்டர் அடித்துக்கொண்டு போனதே, மேட்டூரில் அப்படி நடந்தால் எங்கள் கதி என்ன? வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

ஆர்., குமாரபாளையம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் அது 8.64 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). 2018 ஆகஸ்டில் வந்ததுபோல இரண்டு லட்சம் கனஅடி வந்தால் நாளொன்றுக்கு 17 டிஎம்சிக்கு மேல். மேட்டூரின் முழுக் கொள்ளளவு, 120 அடியில், 93.47 டிஎம்சி. நூறு அடியில் இருப்பு ஏறத்தாழ 65 டிஎம்சி. அதாவது மேலே இருபது அடியைக் காலியாக வைத்திருந்தால் 28 டிஎம்சிக்குச் சற்று மேல் இடம் கிடைக்கும். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் அந்த வெள்ளத்தைப் பிடித்துவைத்தால் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். பாதியை விட்டுப் பாதியைப் பிடித்தால் மூன்று நாள். மூன்று நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. வெள்ளத்தின் உச்சம் பெரும்பாலும் அதற்குள் கடந்துவிடும். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராமலே போயிருக்கலாம்.

அப்படியானால் ஏன் செய்வதில்லை? அந்த 28 டிஎம்சியை டெல்டா விவசாயியின் பக்கத்தில் நின்று பாருங்கள். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்றது. அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இது. தண்ணீர் குடகில் பெய்கிற மழையை நம்பி வருகிறது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணை 49.45 டிஎம்சிதான் கொள்ளும், கபினி அதிலும் சிறியது. அவை இரண்டும் நிரம்பிய பிறகு வருவதெல்லாம் நேராக மேட்டூருக்குத்தான். வருகிறபோது பிடித்துவைக்காமல் விட்டுவிட்டு, செப்டம்பரில் மழை பொய்த்தால் சம்பாவுக்கு என்ன பதில்? 2013க்குப் பிறகு மேட்டூர் மறுபடி நிரம்ப 2018 ஆக வேண்டியிருந்தது. அந்த ஐந்தாண்டைப் பார்த்த எந்த அதிகாரியும் ஜூலையில் அணையைக் காலியாக வைக்கக் கையெழுத்துப் போடமாட்டார். போடச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பாசனத்துக்காக விளிம்புவரை நிரப்பி வைத்த அணையால் வெள்ளத்தைக் குறைக்க முடியாது. நிரம்பிய பிறகு வரத்து எவ்வளவோ, திறப்பும் அவ்வளவுதான். அணை இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீர் உங்கள் ஊருக்கு வந்திருக்கும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். திறப்பில் தவறே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறந்த விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே குறை கூறியது. ஆனால் மேட்டூரில் ஆகஸ்டு வெள்ளம் என்பது பெரும்பாலும் நாம் தெரிந்தே எடுத்த முடிவின் விளைவு. தண்ணீர் வேண்டும் என்று முடிவெடுத்தோம், காலி இடம் வேண்டாம் என்று விட்டோம். முடிவின் பலன் தஞ்சாவூருக்குப் போகிறது, சுமை குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பவானியிலும் இறங்குகிறது. சுமக்கிறவர்களுக்கு அரசு எதையாவது கடன்பட்டிருக்கிறது அல்லவா? என் கோபமெல்லாம் அங்கேதான்.

அடுத்தது துங்கபத்ரா. அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கர்நாடகத்தில் ஹொசபேட்டை அருகே 1953ல் முடிந்த அணை. அன்றைய சென்னை மாகாணமும் ஹைதராபாத் சமஸ்தானமும் சேர்ந்து தொடங்கியது. 33 ஷட்டர்கள். 2024 ஆகஸ்டு 10 இரவு, அணை கிட்டத்தட்ட நிரம்பியிருந்தபோது, 19ஆம் எண் ஷட்டரைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. அவ்வளவுதான், ஷட்டர் தண்ணீரோடு போய்விட்டது. அந்த ஒரு கண் வழியாக மட்டும் முப்பதாயிரம் கனஅடிக்கு மேல் பாய்ந்தது. அழுத்தத்தைப் பகிர மற்றக் கண்களையும் திறந்தார்கள். கதவு உடைந்தால் அதற்கு முன்னால் இரும்புப் பலகைகளை இறக்கி அடைக்கிற ஏற்பாடு பல அணைகளில் உண்டு. அந்த அணையைக் கட்டும்போது அதற்கு வழி செய்யவில்லை. ஓய்வுபெற்ற மதகு நிபுணர் கன்னையா நாயுடுவை வரவழைத்து, ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஒரு வாரத்தில் அடைத்தார்கள். பெரிய வேலை அது. ஆனால் அந்த வாரத்தில் ஆற்றில் போனது கர்நாடகமும் ஆந்திரமும் தெலங்கானாவும் பயிருக்கென்று நம்பியிருந்த தண்ணீர்.

கவனியுங்கள், அணை உடையவில்லை. கல் கட்டடம் அப்படியே நின்றது. போனது ஒரு சங்கிலி. நம் பக்கத்திலும் 2018 ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் தலைப்பில் ஒன்பது ஷட்டர்கள் மதகுத் தூண்களோடு சரிந்தன. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய கதவணை. பக்கத்தில் புதிய கதவணை கட்ட 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது.

அதனால் மேட்டூர் இடிந்துவிடுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். 1934ல் முடிந்த கனமான கற்காரை அணை. உபரிநீருக்கென்று தனியே 16 கண் மதகு இருக்கிறது. மண் அணைதான் வெள்ளம் மேலே ஏறி வழிந்தால் கரைந்துபோகும். குஜராத்தில் 1979 ஆகஸ்டு 11 அன்று மச்சு-2 அணையில் அதுதான் நடந்தது. நடுவில் இருந்த கல் மதகு நின்றது, இருபக்கத்து மண்கரைகளும் போய்விட்டன. கீழே இருந்த மோர்பி நகரம் அழிந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. விசாரணைக் கமிஷனைப் பாதியிலேயே கலைத்துவிட்டார்கள். அந்தக் கலைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. தவறு எங்கே என்று எழுதி வைத்திருந்தால் அடுத்த அணையைப் பார்த்துக்கொள்கிற பொறியாளருக்கு அது பாடமாகியிருக்கும்.

மேட்டூரில் நீங்கள் கேட்க வேண்டியது ஷட்டரைப் பற்றி. சங்கிலி, ரோப், ரப்பர் சீல், மோட்டார், கரண்ட் போனால் ஜெனரேட்டர். கடைசியாக எப்போது ஒவ்வொரு கதவையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்? திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். கிரீஸ் போடுகிற வேலைக்கு ஒருவரும் வருவதில்லை. பராமரிப்புக்கான பணம்தான் எப்போதும் முதலில் வெட்டுப்படுகிறது.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 ஒவ்வொரு பெரிய அணைக்கும் அவசரகாலச் செயல் திட்டம் வேண்டும் என்கிறது. எந்த அளவு தண்ணீர் வந்தால் எந்தப் பகுதி மூழ்கும், யார் யாருக்கு எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதில் வர வேண்டியவை. இப்போது உங்களுக்கு வருகிற எச்சரிக்கை எப்படி இருக்கிறது? ஆட்டோவில் மைக் கட்டி, "ஒரு லட்சத்து எழுபதாயிரம் கனஅடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தறியில் இருக்கிற ஒருவர் என்ன செய்வார்? பாவு நூலைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டுமா, மோட்டாரை மட்டும் எடுத்தால் போதுமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமா? கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீர் உங்களை வந்தடைய ஓரிரு நாள் ஆகிறது. இவ்வளவு கனஅடிக்கு இந்தத் தெருவில் முழங்கால் அளவு என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும்.

வீட்டை விற்கலாமா என்று கேட்டீர்கள். அதை நான் முடிவுசெய்ய முடியாது, ஆனால் உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: 2018ல் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் பெயின்டால் குறியுங்கள், அன்றைய திறப்பு எவ்வளவு என்பதைப் பழைய செய்தித்தாளில் பார்த்துப் பக்கத்திலேயே எழுதுங்கள். 2022க்கும் அப்படியே. இரண்டு கோடு இருந்தால் அடுத்த அறிவிப்பு வரும்போது நீங்களே கணிக்கலாம். தெருவில் நாலு வீட்டில் செய்தால் இன்னும் நல்லது. இரண்டு கோட்டுக்கும் மேலே பரண் கட்ட முடிகிற வீடு என்றால் இருங்கள். முடியாது என்றால், மாற்று இடத்துக்கு இப்போதே மனு கொடுங்கள், வெள்ளத்துக்குப் பிறகு அல்ல.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத் துறைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். மேட்டூர் அணையின் அவசரகாலச் செயல் திட்டத்தில் குமாரபாளையம் எந்தப் பக்கத்தில் வருகிறது, வரைபடம் உண்டா, 16 கண் மதகின் ஷட்டர்களைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்று மூன்றே கேள்வி. பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை நானே எழுதித் தருகிறேன்.