இருபது ரூபாய்க்கு ஒரு மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 37 வயது, கூட்டுறவு வங்கியில் வேலை. பள்ளி நாட்களில் டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பிரவுசிங் சென்டரில் கிடந்தவன். போன தீபாவளி போனஸில் ஆசைப்பட்டு ஒரு விளையாட்டுக் கன்சோல் வாங்கினேன். விளையாட்டைப் பதிவிறக்கவே ஒரு ராத்திரி ஆனது. திறந்தால் முதலில் கணக்குத் தொடங்கச் சொல்கிறது, பிறகு ஒரு கடை வருகிறது, அதற்குப் பிறகு ‘சீசன் பாஸ்’, தினசரிப் பணிகள். இருபது நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன். “உங்களுக்கு வயதாகிவிட்டது” என்கிறார் மனைவி. அதுதான் காரணமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: வயது காரணமில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. காரைக்குடியில் 2001 முதல் 2012 வரை நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கணினிகள், நடுவே பிளைவுட் தடுப்புகள், மின்வெட்டுக் காலத்தில் பாதியில் மூச்சை விட்டுவிடும் ஒரு யுபிஎஸ். மணிக்கு 30 ரூபாயில் தொடங்கிய கட்டணம் கடைசியில் 20 ரூபாயில் வந்து நின்றது. மாலை ஐந்து மணியானால் ஆறு நாற்காலிகளில் பதினைந்து பையன்கள் இருப்பார்கள். ஒருவன் விளையாட, இரண்டு பேர் தோளுக்குப் பின்னால் நின்று வழி சொல்வார்கள். உங்களைப் போன்ற பையன்களைப் பதினொரு வருடம் பார்த்தவள் நான்.

அவர்கள் விளையாடியவற்றை நினைத்துப் பாருங்கள். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து 1989-இல் வெளியிட்ட விளையாட்டு. இளவரசியை மீட்க அது தரும் அவகாசம் 60 நிமிடம். என் கடையிலும் 60 நிமிடத்திற்குத்தான் காசு. அந்தக் கணக்கு பையன்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு ஐ.ஜி.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. நார்வேக்காரர்கள் உருவாக்கி 2000-இல் வந்தது. மொத்தம் 14 கட்டங்கள். ஒரு கட்டத்தின் நடுவில் சேமித்து வைக்கும் வசதியே கிடையாது. முள்வேலியைத் தாண்டி, கேமராவை அணைத்து, காவல் கோபுரத்தில் ஏறி, எல்லாம் முடிந்து கடைசிக் காவலாளியின் குண்டில் விழுந்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அரைப் பரீட்சை விடுமுறை முழுவதும் தினமும் வந்து அதை விளையாடினான். கடைசிக் கட்டத்தை முடித்த அன்று கடையே எழுந்து கை தட்டியது. அவன் இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். பிறகு இரண்டு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. எனக்கு அது வருமான இழப்புதான். ஆனால் அந்தப் பையன் ஒன்றை முடித்துவிட்டான். முடித்தவன் எதற்காக வரவேண்டும்?

உங்கள் கன்சோலில் இருப்பதை முடிக்கவே முடியாது. அது முடியக்கூடாது என்று திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். இன்று வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. சீசன் என்று அவர்கள் வைக்கும் கெடு முடிவதற்குள் இத்தனை படிகள் ஏறாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பாஸிலேயே பாதிப் பொருட்கள் கைக்கு வராது. விளையாட்டு நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி பின்னால் போய், இந்த மாதம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஆளுக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கேள்வி முன்னால் வந்துவிட்டது. கடை நடத்தியவள் என்பதால் அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் மணிக்கணக்கில் காசு வாங்கியவள்தான். ஆனால் என் கடையில் “நேரம் முடிந்தது, தம்பி” என்று சொல்ல ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாள். சீருடையோடு வந்த பையனை வீட்டில் சொல்லிவிட்டு வா என்று திருப்பி அனுப்பவும் அவளால் முடிந்தது. உங்கள் வரவேற்பறையில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அதனால் இருபதாவது நிமிடத்தில் உங்கள் மனமே சொல்கிறது.

இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2006-இல் ‘ஆப்லிவியன்’ என்ற விளையாட்டில் குதிரைக்குக் கவசம் என்று ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் ஓர் அலங்காரத்திற்குத் தனி விலையா என்று அன்று உலகம் முழுவதும் கேலி எழுந்தது. கேலி செய்தவர்களும் வாங்கினார்கள் என்பதுதான் துயரம். 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ கொண்டுவந்தபோது அதன் விலை 60 டாலர். அதைக் கொடுத்த பிறகும், ஸ்டார் வார்ஸ் படங்களின் புகழ்பெற்ற வில்லன் டார்த் வேடராக விளையாட 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்ட ரசிகர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் என்று விடை வந்தது. சீக்கிரம் முன்னேற வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறந்து பார்க்கலாம். எதிர்ப்பு வெடித்ததும் புள்ளிகளை முக்கால் பங்கு குறைத்தார்கள். வெளியீட்டுக்கு முந்தின நாள் உள்ளே நடந்த விற்பனையையும் நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியம் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. திருவிழாக் கடையில் ஐந்து ரூபாய் கொடுத்துச் சீட்டுக் கிழித்தவர்கள் நாம். பெல்ஜியம் சொன்னது நமக்குப் புரியாமல் போகாது.

கன்சோலை விற்றுவிடாதீர்கள். அதே கருவியில் ‘ஸ்டார்டியூ வேலி’ கிடைக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு அவர் சேர்த்த புதிய பகுதிகளுக்கும் தனிக் காசு வாங்கவில்லை. தாத்தா விட்டுப்போன நிலத்தைத் திருத்தி விதைப்பதுதான் விளையாட்டு. உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அதில் இரண்டு பேர் சேர்ந்தும் விவசாயம் செய்யலாம்.

கேள்வி: என் பையனுக்குப் பதினொரு வயது. கைப்பேசி விளையாட்டில் சட்டை வாங்க வேண்டும் என்று 800 ரூபாய் கேட்டான். மறுத்தேன். என் யுபிஐ எண்ணை எப்படியோ பார்த்துவைத்துக்கொண்டு மூன்று தடவையில் 1,900 ரூபாய் எடுத்துவிட்டான். இல்லாத சட்டைக்கு 1,900 ரூபாய்! அடித்துவிட்டேன். இரவு முழுக்க நானும் தூங்கவில்லை. அரசு இதையெல்லாம் தடை செய்யக்கூடாதா?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: அம்மா, முதலில் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அவன் திருடியது தவறு, அதை அவனிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சட்டை ‘இல்லாத’ சட்டை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் வகுப்பில் அது இருக்கிறது. காசு கொடுக்காதவர்களுக்கு விளையாட்டு இலவசமாகத் தரும் சாதாரண உருவத்தோடு ஒருவன் வந்தால், மற்ற பிள்ளைகள் அந்த உருவத்தின் பெயரையே வசையாக்கிக் கூப்பிடுகிறார்கள். பல நாடுகளில் ஆசிரியர்களும் பெற்றோரும் இதைக் கண்டிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பழைய சட்டையோடு தெருவில் நிற்கும் பிள்ளையின் மனநிலை அது. அந்த வெட்கத்தைத்தான் விற்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உங்கள் மகன் மேல் இல்லை.

விலையை ரூபாயில் காட்டாமல் வைரம், நாணயம் என்று ஏதோ ஒன்றில் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். சட்டை 1,100 வைரம் என்றால் வைரம் ஆயிரமாகவோ இரண்டாயிரமாகவோதான் கிடைக்கும். மிச்சம் எப்போதும் கையில் நிற்கும், அதைத் தீர்க்க மறுபடி வாங்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் வணிக ஆணையம் ‘ஃபோர்ட்நைட்’ நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட தீர்வில், அந்த நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதில் 24.5 கோடி, ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே காசு போகும்படியும், பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளைகள் வாங்கும்படியும் அமைத்திருந்ததற்காக வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை. ஆகவே ஏமாந்தது நீங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. உங்கள் பையன் விளையாடுவதில் ஜெயிக்கப் பணமே கிடையாது, போவது மட்டும்தான். அதனால் இது அந்தத் தடைக்குள் வராது. இப்போதைக்குக் காவல் நீங்கள்தான். யுபிஐ ரகசிய எண்ணை இன்றே மாற்றுங்கள். கைப்பேசியின் ஆப் கடை அமைப்பில், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். அந்தக் கடையிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கும் இடமும் இருக்கிறது. அதற்கு நாள் கெடு உண்டு, தாமதிக்காமல் கேளுங்கள். கிடைக்கும் என்று நான் உறுதி கூற முடியாது, ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நிறுவனம் நினைத்தபோது நிறுத்திவிடலாமா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: நிறுத்துகிறார்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘தி குரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை இணையம் வழியே இயக்கும் தன் கணினிகளான சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று அணைத்துவிட்டது. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு தொடர்பு வேண்டும் என்று செய்திருந்ததால், குறுந்தகடு வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு விளையாட்டு போயிற்று. ராஸ் ஸ்காட் என்பவர் இதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. சர்வரை என்றென்றும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவன் தன் வீட்டில் விளையாடும் நிலையில் விட்டுப் போ என்கிறார்கள். இதைவிட நியாயமான கோரிக்கை எனக்குத் தெரியாது. கலிபோர்னியாவில் 2025 முதல், வெறும் உரிமம் தருவதை அப்படித் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று எழுதி விற்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

என் அலமாரியில் அந்த ஐ.ஜி.ஐ. குறுந்தகடு இன்னும் இருக்கிறது. அது திருட்டுப் பிரதி. அன்று எங்கள் ஊரில் வேறு கிடைக்கவில்லை என்றாலும் அதை உருவாக்கியவர்களுக்கு நான் காசு தரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இப்போதும் ஓடுகிறது. முறையாகக் காசு கொடுத்தவனின் பொருள் செத்துப்போக, கொடுக்காதவளின் பொருள் உயிரோடு இருக்கும் இந்த நிலை என்னை மிகவும் உறுத்துகிறது.

கேள்வி: விளையாட்டு உருவாக்கும் துறையில் வேலைக்குப் போக ஆசை. நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. போகலாமா?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிலிஸார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். மூன்றே மாதத்தில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2024 மே மாதம், எல்லோரும் பாராட்டிய ‘ஹை-ஃபை ரஷ்’ உருவாக்கிய ஜப்பானியக் குழுவையும் மூடுவதாக அறிவித்தது. நல்ல விளையாட்டைச் செய்தால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு பலருக்குப் போனது. (அந்தக் குழுவைப் பிறகு ஒரு கொரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது, மனதுக்கு ஆறுதல்.) நிரல் எழுதுவதையும் படம் வரைவதையும் வேறு வேலைக்கும் உதவும் அளவுக்கு ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே, படிக்கும்போதே சின்னதாக ஒரு விளையாட்டைத் தொடங்கி முடித்துவிடுங்கள். பத்து நிமிட விளையாட்டானாலும் போதும், அது உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: நீங்கள் கடைசியாக எதை விளையாடினீர்கள்?
— வாசகி, மன்னார்குடி

பதில்: ‘வெண்பா’. கனடாவின் டொரன்டோவில் ஒரு சிறு குழு உருவாக்கி 2023-இல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகன் கவினும்தான் கதை. ஊரிலிருந்து கொண்டுபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் வரிகள் அழிந்தும் கிழிந்தும் இருக்கும். அழிந்ததை ஊகித்து நாம் இட்லி, புட்டு எல்லாம் செய்ய வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விளையாடினேன். அவருக்கு 74 வயது. என் கடை நடந்த பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூடத் திரையைத் திரும்பிப் பார்க்காதவர். இட்லிப் பானை வந்ததும், “முதலில் தண்ணீரை ஊற்று, தட்டை அப்புறம் வைக்கலாம்” என்று திரையில் விரலை வைத்தே காட்டத் தொடங்கிவிட்டார். புட்டுக்கு மாவு பிசைவதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது, அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். மறுநாள் காலை காபியை ஆற்றிக்கொண்டே அம்மா கேட்டார்: “அந்தப் பையன் கவின், இப்போது அவனே சமைத்துச் சாப்பிடுவான் இல்லையா?”