மறைவிலங்கியல் நூலகம் என்றால் என்ன? இல்லாத விலங்குகளுக்கு எதற்கு ஒரு நூலகம்?

மக்களின் பேச்சிலும் பழங்கதையிலும் இடம்பெற்று, அறிவியல் இன்னும் உறுதிசெய்யாத விலங்குகளைத் தேடும் முயற்சியே மறைவிலங்கியல். அது பற்றிய நூல்கள், கடிதங்கள், படங்கள், நேரில் கண்டதாகச் சொன்னவர்களின் கூற்றுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்குமிடம் அதன் நூலகம். இத்துறைக்கு அடித்தளமிட்ட விலங்கியலாளர் பெர்னார் ஹூவெல்மான்ஸ், வாழ்நாள் முழுதும் திரட்டிய ஆவணங்களை 1999இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர விலங்கியல் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். என் பார்வையில் இத்தகைய தொகுப்புகளுக்கு அதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

ஏன் சேர்க்க வேண்டும்? காங்கோ காட்டு மக்களுக்கு நன்கு பழக்கமான ஒகாப்பி என்னும் விலங்கின் வரிவரியான தோல் துண்டுகளைப் பார்த்த ஐரோப்பிய அறிஞர்கள், அதை முதலில் வரிக்குதிரையின் உறவென்றே கருதினர். மண்டையோடு கிடைத்த பிறகே, 1901இல், அது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெளிந்தது. அந்த மக்களின் சொல்லைப் பொய்யென்று தள்ளியிருந்தால் தேடலே தொடங்கியிருக்காது.

காவல் நிலையத்தில் காணாமற்போனவர் பற்றி வரும் தகவல்களையெல்லாம் எழுதி வைக்கிறார்கள் அல்லவா? பெரும்பாலானவை பயன்படாமல் போகலாம். எது பயன்படும் என்பது எழுதும்போது தெரியாது.

இத்தகைய நூலகத்தில், இமயமலைப் பனிமனிதன் எனப்படும் யெட்டிக்கும் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் விலங்குக்கும் கோப்பு இருப்பதாலேயே அவை உண்மையில் வாழ்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். கோப்பு காட்டுவது அப்படியொரு செய்தி சொல்லப்பட்டது என்பதை மட்டுமே.