உப்புநீர்த் தொட்டியில் மீன் எப்போது?

கேள்வி: 200 லிட்டர் தொட்டியில் உப்புநீர் நிரப்பிவிட்டேன். மகள் நாளைக்கே கோமாளி மீன் கேட்கிறாள். விடலாமா?
வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வேண்டாம். நான் மூன்றாம் நாளே இரண்டு மீன் விட்டேன். ஒரே வாரத்தில் இரண்டும் செத்துப்போயின. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஒரு துண்டு இறாலைப் போட்டு வையுங்கள், அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குத் தீனி. நாறும், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் ஒரே ஒரு ஜோடி விடலாம். ஒப்படர்த்தி (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.025, வெப்பம் 25 டிகிரி. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத சுத்த நீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. அப்புறம், பேட்டரி காற்று பம்ப் ஒன்று. லோட்ஷெட்டிங் மின்வெட்டில் நாம் பட்ட பாடு மறந்துவிடுமா, சொல்லுங்கள்?