ஊர் நூலகத்தில் துருவைப் பற்றிப் பேசலாமா?

வணக்கம் தம்பி. காரைக்குடியில் உலோக அரிமானத்தில், அதாவது இரும்பு துருப்பிடிப்பது மாதிரி உலோகம் அரிக்கப்படுவதில், முனைவர் பட்ட ஆய்வு செய்வதாகவும், ஊர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டிருப்பதாகவும், "ஆராய்ச்சிய விட்டுட்டு மேடை ஏறிட்டான்" என்று துறையில் பேசுவார்களோ எனப் பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தயங்காமல் போங்கள். இந்தப் பயம் பலருக்கும் உண்டு. 2006இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளிடம் கேட்டபோது, மக்களிடம் போய்ப் பேச ஆய்வுக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதே தடை என்றார்கள் 64 சதவீதம் பேர். மக்களிடம் பேசுபவர்களைச் சக விஞ்ஞானிகள் மட்டமாக நினைப்பதாக 20 சதவீதம் பேர் சொன்னார்கள். நேரப் பிரச்சினை நிஜம்தான். ஒரே ஒரு சாயங்காலம்தான் என்று வழிகாட்டியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நானும் இதே துறைதான். கானாடுகாத்தான் பக்கம் முதன்முதலில் பேசியபோது ஆனோடு, கேத்தோடு என்று பத்து நிமிஷம் ஓட்டினேன். கூட்டம் கொட்டாவி விட்டது. முன்வரிசை ஆச்சி ஒருவர், "ஏன் தம்பி, தோசைக்கல்லுல எண்ணெய் தடவி வச்சா துரு ஏற மாட்டேங்குதே, அதுவும் இதுதானா?" என்றார். அதேதான்! எண்ணெய்ப் படலம் ஈரத்தையும் ஆக்சிஜனையும் இரும்பிடம் நெருங்க விடாது. பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பதும் அதற்குத்தான். அதன் பிறகு கேள்வி மேல் கேள்வி. வீட்டு ஜன்னல் கம்பி அடியில் மட்டும் ஏன் அரிக்கிறது என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் தேங்கும் இடம் அது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1953இல் துருவையும் ஆராயும் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் திறந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க இந்த ஊர்க்காரர்களுக்கு உரிமை இருக்கிறது, தம்பி.

ஸ்லைடு வேண்டாம். நாலு நாள் முன்னாடியே இரண்டு டம்ளர் தண்ணீரில் டம்ளருக்கு ஒரு ஆணி போட்டு வையுங்கள், ஒரு ஆணிக்கு மட்டும் எண்ணெய் தடவி. அதைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.